குரல்கள் அடங்கிய பிறகு: மனநல மறுவாழ்வில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல மறுவாழ்வு மையத்துக்குப் பயிற்சிக்கு வரும் உளவியல் மாணவர்களையும் சமூகப்பணி மாணவர்களையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அக்கறையான பிள்ளைகள். ஆனால் அந்த வயதில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். நோயாளியை அதட்டக் கூடாது, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அம்மாவிடம் மட்டும் பேசக் கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களின் சிந்தனைத் திறனைப் பற்றிய தவறுகள் மட்டும் இங்கே.

எம்.எம்.எஸ்.இ.யில் 30க்கு 30 வாங்கிவிட்டார்

இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். இப்படிச் சில கேள்விகள் கேட்டு 30க்கு மதிப்பெண் போடும் சோதனைதான் எம்.எம்.எஸ்.இ. மனச்சிதைவு நோய் உள்ள இளைஞர் பலர் இதில் சுலபமாகத் தேறிவிடுவார்கள். 1975இல் வந்த இந்தச் சோதனை பெரும்பாலும் முதியோரின் மறதி நோயைக் கண்டறியத்தான் உதவுகிறது. மனச்சிதைவில் அடி வாங்குவது வேறு விஷயங்கள்: யோசிக்கும் வேகம், கவனத்தை விடாமல் பிடித்திருப்பது, கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது, திட்டமிடுவது, எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் புரிந்துகொள்வது. மேட்ரிக்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு இவை உட்பட 7 பிரிவுகளை அளக்கிறது. அதற்கு நேரமோ வசதியோ இல்லையா? ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்கிறார், நான்கைந்து எண்களைத் தலைகீழாகச் சொல்ல முடிகிறதா என்றாவது பாருங்கள். இதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் அந்த 30ஐ நம்பி ஏமாற மாட்டீர்கள்.

குரல் நின்றுவிட்டது, வேலை செய்யத்தான் மனசில்லை

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான்.

ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தவர். நோய் வந்தது, மருந்து எடுத்தார், யாரும் பேசாதபோதும் காதில் கேட்ட குரல்கள் அடங்கின, சந்தேகம் போனது, தூக்கம் திரும்பியது. முதலாளி நல்ல மனிதர், பழைய இடத்திலேயே உட்காரச் சொன்னார். ஆடித் தள்ளுபடி நேரம். ஒருவர் விலை கேட்கிறார், இன்னொருவர் துணியை நீட்டுகிறார், பின்னாலிருந்து சூப்பர்வைசர், "அந்தச் சேலைக்கு மட்டும் தள்ளுபடி போடு, புது ஸ்டாக்குக்கு வேண்டாம்" என்கிறார். முதலில் கேட்டது உள்ளே போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது வந்து விழுகிறது. பில் தப்பானது, திட்டு விழுந்தது, கொஞ்ச நாளில் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்.

பயிற்சிக்கு வந்தவர் ஃபைலில் எழுதினார்: "நோய் அறிகுறி இல்லை. வேலைக்குச் செல்ல ஊக்கம் இல்லை."

அப்புறம் அந்த ஃபைலைத் திறந்த எல்லோரும் அந்த வரியைத்தான் முதலில் படித்தார்கள். ஊக்கம் தர கவுன்சலிங் நடந்தது. வீட்டில் அப்பா "திமிர்" என்றார். தொழிற்பயிற்சிப் பட்டியலில் பெயர் கீழே போனது. அவரோ எதையும் மறுத்துப் பேசவில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பத் தொடங்கியிருந்தார். தினமும் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு தயாராகிறவருக்கு விருப்பம் இல்லை என்று எப்படி எழுத முடிந்தது?

கடைசியில்தான் ஒருவர் உட்கார்ந்து சோதித்தார். சொற்பட்டியலைப் படித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொன்னால் மிகக் கொஞ்சமே வந்தது. அதே அளவு வேலையை எழுதிக் கொடுத்து, அவசரப்படுத்தாமல் விட்டால் பிழையில்லாமல் முடித்தார்.

ஆன்டிசைக்காடிக் மருந்துகள் குரலையும் வீண் சந்தேகத்தையும் நன்றாக அடக்குகின்றன. சிந்தனை வேகத்துக்கும் நினைவாற்றலுக்கும் அவை செய்வது கொஞ்சம்தான். 1996இலேயே உளவியலாளர் மைக்கேல் கிரீன் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் காட்டிவிட்டார்: இவர்கள் அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு தேறுகிறார்கள் என்பது குரல், மாயநம்பிக்கை ஆகியவற்றைவிட நினைவாற்றலோடும் கவனத்தோடும்தான் நெருங்கித் தொடர்புடையது. இத்தனை வருடம் கழித்தும் "குரல் நின்றதா? சரி, வேலைக்குப் போகலாம்" என்றுதான் பல இடங்களில் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஆர்வமே எழாமல் போவதும் உண்டு. அதுவும் நோயின் பகுதிதான், குணக்கேடு கிடையாது. சிந்தனைக் குறைபாட்டையும் இதையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் ஃபைலில் தீர்ப்பை எழுதாமல் பார்த்ததை எழுதச் சொல்கிறேன். ஒரே மூச்சில் எத்தனை வேலை சொன்னீர்கள், சுற்றிலும் எவ்வளவு சத்தம், எந்த இடத்தில் நின்றுவிட்டார், எழுதிக் கொடுத்தபோது என்ன ஆனது? இந்த நான்கும் இருந்தால் அடுத்து வருபவருக்கு வழி தெரியும்.

அவர் அதே கடையின் குடோனுக்குப் போனார். குறியீட்டு எண் பார்த்துத் துணியைப் பிரித்து அடுக்கும் வேலை. சொல்வதற்கு ஒரே ஆள், சுவரில் ஒட்டிய அட்டை, தலைக்குமேல் நின்று விரட்ட யாரும் இல்லை. வேலையில் நிலைத்துவிட்டார். சம்பளம் குறைந்தது, அது அவருக்கு வருத்தம்தான். அந்த வருத்தத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

காலையில் வந்ததும் சோதனை

இரவு மாத்திரையின் மயக்கம் தெளியாதவரைச் சோதித்தால் மயக்கத்தைத்தான் அளப்பீர்கள்.

ஏ பி சி தெரியாதவரிடம் டிரெயில் மேக்கிங்

கூடாது. அது எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் மாறி மாறி வரிசையாக இணைக்கச் சொல்லும் சோதனை. எண்ணும் நிறமும் மட்டும் உள்ள கலர் டிரெயில்ஸ் இருக்கிறது.

எல்லாப் பழியும் மாத்திரைமேல்

"மாத்திரைதான் பையனை மந்தமாக்கிவிட்டது" என்று வீட்டார் சொன்னால் புதியவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். மருந்தே தொடங்காத முதல் கட்டத்திலும் இந்தக் குறைபாடு தெரிகிறது. நோய் வெளிப்படுவதற்கு முன்பே படிப்பில் சறுக்கல் தொடங்குவதும் உண்டு. மாத்திரையை நிறுத்தினால் குரல்கள் திரும்பக்கூடும், மந்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஆனால் ஒரு மாத்திரையைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். ஆன்டிசைக்காடிக் மருந்தால் வரும் கை நடுக்கம், உடல் இறுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் நினைவாற்றலைக் குறைக்கும். எல்லோருக்கும் முன்கூட்டியே வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே சொன்னது. நடுக்கம் போய் வெகுநாள் ஆன பிறகும் சீட்டில் அது தொடர்ந்துகொண்டிருக்கும். இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது, அவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிந்தனைத் திறனுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. நம்பிக்கையோடு எதிர்பார்த்த ஐக்ளெபர்டின் என்ற மருந்து மூன்றாம் கட்ட ஆய்வுகளில் பலன் தரவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள். "மாத்திரை வரப்போகிறது" என்று குடும்பத்தைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

போனில் மூளை விளையாட்டு

விளையாட்டில் ஸ்கோர் ஏறும், அவ்வளவுதான். சிந்தனைத் திறன் பயிற்சி பலன் தருகிறது, ஆனால் கூடவே ஒருவர் உட்கார்ந்து, "இதே முறையை மளிகைச் சீட்டில் எப்படிப் பயன்படுத்துவாய்?" என்று பேச வேண்டும். தொழிற்பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கும்போதுதான் பலன் வாழ்க்கைக்கு வந்து சேர்கிறது. மூச்சு வாங்கும் அளவுக்கு நடப்பதும் உதவும், அதற்குச் செலவும் இல்லை.

சான்றிதழுக்கு நல்ல பிள்ளையாகத் தயார்செய்து அனுப்புவது

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு, மனநோயால் வரும் இயலாமையை அளக்கும் ஐடியாஸ் அளவுகோலில் பார்க்கிறார்கள்: சுயபராமரிப்பு, பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை. பல சலுகைகளுக்கு 40 சதவீத இயலாமை வேண்டும். அம்மா தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, எல்லாப் பதிலையும் தானே சொல்லிவிடுவார். கேட்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். போவதற்கு முன் அம்மாவிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்: நீங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போனால் அவர் குளிப்பாரா, சாப்பிடுவாரா, மாத்திரை போடுவாரா? பஸ் மாறிப் போகச் சொன்னால் போய்ச் சேர்வாரா? அந்தத் தாளையும் ஃபைலோடு அனுப்புங்கள்.