பழைய பேஸ்பால் அட்டைகள்: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகள் பக்கம் வருகிற எல்லோரும் முதலில் கேட்பது ஹோனஸ் வாக்னர் கதைதான். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த அட்டைகளில் தன் படம் வேண்டாம் என்று இந்த பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் மறுத்துவிட்டார், அதற்குள் கொஞ்சம் அட்டைகள் மட்டும் வெளியே போயிருந்தன, அதனால்தான் இவ்வளவு விலை. இதுவரை சரி. ஆனால் சிறுவர்கள் புகைபிடிக்கப் பழகிவிடுவார்களே என்ற அக்கறையில்தான் மறுத்தார் என்பதை முடிந்த முடிவாகச் சொல்லாதீர்கள். பணப் பிரச்சினைதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு, வாக்னரும் புகையிலை மெல்லுகிற ஆள்தான்.

அடுத்த தவறு, பழசு என்றாலே அரிது என்று நினைப்பது. வாக்னர் இருக்கும் அதே சிகரெட் அட்டை வரிசையில், டி206 என்று சொல்வார்களே, அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை, சாதாரண ஆட்டக்காரர்களின் அட்டைகள் இன்றும் விற்பனைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு விலை பேசுவார்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பீட்மாண்ட் அல்லது ஸ்வீட் கேப்போரல் சிகரெட் விளம்பரம் இருந்தால் அது எங்கும் கிடைப்பது, டிரம், உசிட் என்று இருந்தால் அதே முகத்துக்கு விலை பல மடங்கு. அரிதாக இருப்பதற்கு வயது காரணமாகவே இருக்க வேண்டியதில்லை: கவுடி கம்பெனி 1933இல் பபுள்கம்மோடு கொடுத்த வரிசையில் 106ஆம் எண் அட்டையே வரவில்லை, கேட்டு எழுதியவர்களுக்கு மறு ஆண்டு நாப் லாஜாய் என்ற ஆட்டக்காரரின் படம் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள்.

1952இல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட, ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் அட்டையை அவருடைய முதல் அட்டை என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். முந்தைய ஆண்டே போமன் கம்பெனி அவருக்கு அட்டை போட்டுவிட்டது.

சரி, இந்த டி206 என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அட்டையில் அது அச்சாகவே இல்லை. நியூயார்க் மாநிலம் சிராக்யூஸ் நகரில் வாழ்ந்த ஜெஃபர்சன் பர்டிக், அட்டைகளுக்கு ஓர் ஒழுங்கான பட்டியலே இல்லாத காலத்தில், 1939இல் தன் முதல் பட்டியலை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு என் (N), இருபதாம் நூற்றாண்டுக்கு டி (T), மிட்டாய் அட்டைக்கு இ (E) என்று அவர் வைத்த குறியீடுகளைத்தான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். மூட்டுவாதத்தால் கை வராமல் போன நிலையிலும், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி முடித்தார். முடித்தது 1963 ஜனவரியில், இரண்டு மாதத்தில் இறந்தும் போனார். பசை தடவிக் கெடுத்துவிட்டாரே என்று இப்போது சிலர் பேசுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அன்றைக்கு அட்டையைக் காப்பாற்றும் வழியே ஆல்பத்தில் ஒட்டுவதுதான். ஆகவே பின்பக்கம் பசைத் தழும்பு இருக்கிறதே என்று ஒரு நல்ல அட்டையை ஒதுக்காதீர்கள், விலை குறையும், அவ்வளவுதான்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஓரங்களைப் பார்த்துத்தான். ஐஸ் ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991இல் 4,51,000 டாலர் கொடுத்து வாங்கிய வாக்னர் அட்டை, அட்டையின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் கிரேடிங் நிறுவனத்திடம் பத்துக்கு எட்டு மதிப்பெண் பெற்றது. அதை முன்பு வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று 2013இல் ஒப்புக்கொண்டார். நூறு வருட அட்டையின் விளிம்பு புது பிளேடு மாதிரி இருந்தால், கிரேடிங் பெட்டிக்குள் இருந்தாலும் சந்தேகப்படுங்கள், அளவு எடுத்துப் பாருங்கள். ஆனால் அதிலும் ஒரு விஷயம்: அமெரிக்கன் பியூட்டி விளம்பரம் உள்ள டி206 அட்டைகள் தயாரிப்பிலேயே அகலம் குறைந்தவை, பின்பக்கத்தைப் பார்க்காமல் அவற்றை வெட்டிய அட்டை என்று தள்ளிவிடாதீர்கள்.