வீட்டில் ஒலிப்பதிவு அறை: எதை முதலில் வாங்குவது, எதை ஒத்திப்போடுவது

நான் முதன்முதலில் வாங்கியது, பதிவைச் சரிபார்த்துக் கேட்பதற்கான ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர். கடையில் போட்டுக் காட்டிய பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. மைக்கே இல்லாத வீட்டில் அவை ஐந்து மாதம் வெறும் பாட்டுப்பெட்டியாக இருந்தன. மைக் வந்த பிறகோ, பாடியவரின் குரலைவிட மின்விசிறியின் ஓசைதான் அவற்றில் துல்லியமாகக் கேட்டது. கையைச் சுட்டுக்கொண்ட பிறகு நான் பின்பற்றத் தொடங்கிய முறை எளிமையானது: ஒலி எந்த வழியாகச் செல்கிறதோ அந்த வரிசையிலேயே பொருள்களைச் சேர்க்க வேண்டும். தொண்டையிலிருந்து புறப்படும் ஒலி முதலில் அறையில் பரவுகிறது. பிறகு மைக், கேபிள், ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினி, ஹெட்ஃபோன் என்று போய், கடைசியில்தான் ஸ்பீக்கருக்கு வருகிறது. முன்னால் இருக்கும் இடத்தில் புகுந்த குறையை, பின்னால் இருக்கும் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் எடுத்துவிடாது.

ஒருவர் பாடுவது, அவருடன் ஒரு வீணையோ மிருதங்கமோ சேர்வது, இந்த அளவு பதிவை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். முழுக் கச்சேரிக் குழுவைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இது போதாது.

படி 1: அறை

எதையும் வாங்குவதற்கு முன் கைப்பேசியின் பதிவுச் செயலியைத் திறந்து, அறையின் நடுவில் வைத்துவிட்டு, ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். பிறகு அந்தப் பதிவை ஹெட்ஃபோனில் ஒலி அளவைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். மின்விசிறி, அடுத்த அறைக் குளிர்சாதனப் பெட்டி, கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டார், எங்கோ ஓடும் மிக்ஸி என்று நம் காது நாள்தோறும் ஒதுக்கிவிடும் ஓசைகள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். இதையே காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளையும் செய்து பார்த்தால், உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் பதிவு செய்யலாம் என்பது தெரிந்துவிடும். எங்கள் தெருவில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நான்கு மணிக்குள்தான். அதன் பிறகு காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி வந்துவிடும்.

அடுத்து, அறையின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் கம்பி அதிர்வது போல 'டிர்ர்' என்று ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சாதாரணம். கூரையும் பத்தடி உயரம் என்றால் அது ஒலிப்பதிவுக்கு மிகவும் சங்கடமான வடிவம். பத்தடி இடைவெளியில் ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 114, 171 ஹெர்ட்ஸிலும் ஒலி குவியும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கும்போது அந்தக் குவிதல்கள் ஒரே இடத்தில் மூன்று மடங்காக விழுவதால், சில ஸ்வரங்கள் மட்டும் காரணமில்லாமல் பருத்துக் கேட்கும். வீட்டில் தேர்வுக்கு இடமிருந்தால் நீளமும் அகலமும் வேறுபட்ட அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள்கள் நிறைந்த படுக்கையறை, காலியான கூடத்தைவிட எப்போதும் மேல்.

வெளி ஓசையைத் தடுப்பதும் உள்ளே ஒலி எதிரொலிப்பதைக் குறைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை இங்கே தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தில்தான் போகிறது. வெளி ஓசையை நிறுத்துவது சுவரின் கனமும் இடுக்கில்லாத கதவும்தான். சுவரில் ஒட்டும் ஒரு அங்குலப் பஞ்சுப்பாளம் ஆட்டோ ஓசையைத் தடுக்காது, அறைக்குள் உயர்ந்த சுருதியில் எழும் எதிரொலியை மட்டுமே கொஞ்சம் குறைக்கும். முட்டை அட்டை அதைக்கூட ஒழுங்காகச் செய்யாது. கதவின் அடியில் ஒரு ஈரமில்லாத துண்டைச் சுருட்டி வைப்பதில் கிடைக்கும் பயன் அதைவிட அதிகம்.

எதிரொலிக்கு வீட்டிலேயே இருக்கும் நல்ல மருந்து இலவம்பஞ்சு மெத்தை. அதைப் பாடுபவருக்குப் பின்னால் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். ஆனால் மைக்கின் கண் பாடுபவரையும் அவருக்குப் பின்னாலுள்ள சுவரையுமே பார்க்கிறது என்பதால், முதலில் மூட வேண்டியது அந்தச் சுவர்தான். செலவு செய்ய முடிந்தால், தச்சரிடம் சொல்லி நான்கடிக்கு இரண்டடியில் மரச்சட்டங்கள் செய்து, நான்கு அங்குலக் கனத்துக்கு ராக்வுல் எனும் பாறையிழைப் பஞ்சு நிரப்பி, காடாத்துணியால் மூடி, சுவரிலிருந்து சற்று விலக்கி நிறுத்தலாம். ராக்வுல் நார் தோலிலும் மூச்சிலும் உறுத்தும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

அறையில் இருக்கும் இரும்புப் பீரோவையும் மறக்காதீர்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் என் நண்பர் மந்திர பஞ்சமத்தில் நிற்கும்போதெல்லாம் பதிவில் ஒரு மெல்லிய ரீங்காரம் வந்தது. மைக்கை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஒரு மாலை முழுவதும் போயிற்று. கடைசியில் பார்த்தால், அந்த ஸ்வரத்தின் 98 ஹெர்ட்ஸ் அதிர்வுக்குப் பீரோவின் தளர்ந்த கைப்பிடி கூடவே பாடிக்கொண்டிருந்தது. நான்காக மடித்த ஒரு பேப்பரை இடுக்கில் செருகியதும் நின்றுவிட்டது.

படி 2: மைக்

தொடக்க நிலையில் தேர்வு இரண்டு வகைகளுக்குள் அடங்கும். டைனமிக் மைக் எதிரே நெருங்கி வரும் ஒலியை நன்றாக வாங்கும், தொலைவில் உள்ளதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. 1966-இல் வந்து இன்றும் மேடைதோறும் நிற்கும் ஷூர் எஸ்எம்58 இந்த வகை. கண்டென்சர் மைக் நுணுக்கங்களை நன்றாகப் பிடிக்கும், ஆனால் தெருவையும் சேர்த்தே பிடிக்கும். ஆடியோ-டெக்னிகா ஏடி2020 தொடக்கக்காரர்களிடம் அதிகம் காணப்படும் கண்டென்சர் மைக். அறைச் சோதனையில் ஓசை அதிகம் என்று தெரிந்திருந்தால், கண்டென்சர் ஆசையை ஒத்திப்போட்டு டைனமிக் மைக்கை வாங்கி நெருங்கிப் பாடுவதே என் பரிந்துரை. எஸ்எம்58-க்குப் போலிகள் மலிந்திருப்பதால், நம்ப முடியாத விலைக்கு யார் கொடுத்தாலும் வாங்காமல், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குங்கள்.

வீணையைப் பதிவு செய்யப் போகிறவர்கள் மட்டும் மைக்கின் விவரத்தாளில் 'செல்ஃப் நாய்ஸ்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அது மைக் தானாகவே எழுப்பும் இரைச்சலின் அளவு. ஏடி2020-க்கு அது 20 டெசிபல். ரோடு என்டி1-க்கு 5 டெசிபலுக்கும் குறைவு. உரத்த குரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் நடுவில் கமகம் தேய்ந்து மறையும் இடத்தில், அந்த இரைச்சல் மெல்லிய மழைபோல மேலே வந்து நிற்கும்.

இந்த இரண்டு கண்டென்சர் மைக்குகளிலும் பாட வேண்டியது உச்சியில் அல்ல, பக்கவாட்டில். முன்பக்கம் எது என்பதை அதன் குறியீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஐஸ்கிரீம் சாப்பிடுவதுபோல உச்சியை நோக்கிப் பாடிவிட்டு மைக் மந்தமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒருபக்கம் மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக்கின் முதுகு ஏறத்தாழ செவிடு. ஆகவே அறையில் ஓசை வரும் ஜன்னலையோ மடிக்கணினியையோ அந்த முதுகு பார்க்கும்படி அமைத்தால், பைசா செலவில்லாமல் பாதி இரைச்சல் குறையும். கடலோர ஊர்களில் கண்டென்சர் மைக்கை வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பெட்டியில் மூடிவைக்க வேண்டும். ஈரம் ஏறினால் அது படபடவென்று பொரியத் தொடங்கும்.

யூஎஸ்பி மைக் போதாதா என்றால், ஒற்றைக் குரலுக்குப் போதும். அடுத்த ஆண்டு மிருதங்கத்துக்கு இரண்டாவது மைக் வேண்டும் என்று தோன்றும்போதுதான் அது தடையாகும்.

படி 3: ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், கேபிள்

வீணையும் மிருதங்கமும் தரையில் அமர்ந்து வாசிக்கப்படுபவை. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டாண்ட் நின்று பாடுபவருக்கானது. ஆகவே குட்டையாக இறங்கக்கூடிய, கிடைக்கை உள்ள ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள். பாடுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் பாப் ஃபில்டர் வேண்டும்; 'ப' போன்ற எழுத்துகளில் வாயிலிருந்து பாயும் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை அது. மைக்கிலிருந்து வாய் ஒரு சாண் தள்ளி இருப்பது நல்ல தொடக்கம். அதைவிட நெருங்கினால் குரலின் கீழ்ப்பகுதி செயற்கையாகக் கனக்கும்.

கேபிள் மூன்று முனைகளுள்ள எக்ஸ்எல்ஆர் ஆக இருக்க வேண்டும். ஒரு முனை எர்த். மற்ற இரண்டிலும் ஒரே ஒலி ஒன்றுக்கொன்று நேரெதிராகச் செல்வதால், வழியில் புகும் மின்சார ஹம் மறுமுனையில் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போகிறது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் நல்ல கனெக்டரும் வயரும் தனித்தனியாக வாங்கி, தேவையான நீளத்துக்குப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

படி 4: ஆடியோ இன்டர்ஃபேஸ்

மைக்கின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி, எண்களாக்கி, யூஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்பும் பெட்டி இது. கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேண்டம் பவர் இதிலிருந்தே செல்கிறது. வாங்கும்போது எண்ண வேண்டியது பெட்டியின் மேல் அச்சிட்ட உள்ளீடுகளின் எண்ணிக்கையை அல்ல, எக்ஸ்எல்ஆர் துளைகளை. நான்கு உள்ளீடு என்று விற்கப்படும் பல பெட்டிகளில் மைக் செருகும் இடம் இரண்டுதான். மற்றவை கீபோர்டு போன்றவற்றுக்கு. ஒருவர் பாட, ஒருவர் மிருதங்கம் வாசிக்க, இரண்டு போதும். மிருதங்கத்தின் இரு முகங்களான வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் வைக்க நினைத்தால் மூன்று வேண்டும். தொடக்கத்தில் மிருதங்கத்துக்கு எதிரே இரண்டடி தள்ளி ஒரே மைக் வைத்துப் பழகுவதையே நான் விரும்புவேன்.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற இரண்டு மைக் துளையுள்ள பெட்டி ஒன்று வாங்கினால் பல ஆண்டுகள் ஓடும். வாங்கும் முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று, டைரக்ட் மானிட்டர் வசதி; பாடுபவர் தன் குரலைக் கணினிக்குப் போய்த் திரும்பும் முன்னரே கேட்க இது உதவும். மற்றொன்று, கெயின் அளவு, அதாவது மைக் ஒலியைப் பெட்டி எவ்வளவு பெருக்கும் என்பது. ஷூர் எஸ்எம்7பி போன்ற, மெல்லிய மின்சாரமே தரும் டைனமிக் மைக்குக்கு 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கம் தேவை. அது இல்லாத பெட்டியுடன் அந்த மைக்கைச் சேர்த்தால் குரலுடன் இரைச்சலும் சேர்ந்தே ஏறும்.

படி 5: கணினியும் மென்பொருளும்

புதிய கணினி வாங்காதீர்கள். 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள மடிக்கணினி இந்த வேலைக்குப் போதும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அமைப்பில் ஒரு மைக்கின் ஒரு நிமிடப் பதிவு ஏறத்தாழ 8.6 எம்பி இடம் பிடிக்கும். அரை மணி நேர ஆலாபனை இரண்டு மைக்கில் என்றால் 520 எம்பி. மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பரை 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கலாம்.

பாடுபவர் தன் குரல் தாமதமாகத் திரும்பி வருகிறது என்று சொன்னால், மென்பொருளின் பஃபர் அளவைக் குறையுங்கள்; கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை அது. 48,000 ஹெர்ட்ஸில் 1024 என்பது 21 மில்லி விநாடி. 128 என்பது மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு.

படி 6: முதலில் ஹெட்ஃபோன், பிறகே ஸ்பீக்கர்

காதை முழுவதும் மூடும், பின்புறம் அடைத்த ஹெட்ஃபோன் வேண்டும். திறந்த வகையில் கேட்பது மைக்குக்குள் கசியும். நம் இசைக்கு இது குறிப்பாக முக்கியம். தம்புராவை அறையில் ஒலிக்கவிட்டுப் பாடினால் அது குரலுடன் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு அடியை வெட்டி மாற்ற முயன்றால் தம்புராவும் நடுவில் வெட்டுப்படும். ஆகவே சுருதியைச் செயலியிலிருந்து ஹெட்ஃபோனுக்கு மட்டும் கொடுத்து, குரலைத் தனியே எடுங்கள். இரண்டு காதையும் மூடினால் சுருதி நிற்கவில்லை என்று சொல்லும் பாடகர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஒரு காதைத் திறந்துகொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து ஒலியை மட்டும் மென்பொருளில் நிறுத்திவிடுங்கள்.

மானிட்டர் ஸ்பீக்கரை அறையைச் சரிசெய்த பிறகு வாங்கலாம். பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குல அளவு போதும்.

படி 7: மின்சாரம்

மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியதும் ஹெட்ஃபோனில் 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால், பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். ஹம் மறைந்தால் குறை எர்த்திலோ சார்ஜரிலோ இருக்கிறது. மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டால் ஹம் போகும் என்று சிலர் சொல்வார்கள். அது உயிருக்கு ஆபத்து. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் பதிவு செய்தால் எல்லாவற்றின் மேலும் ஒரு கரகரப்பு படியும் என்பதால், மின்வெட்டு நேரத்தில் பதிவை நிறுத்திவிடுவதே நல்லது.

படி 8: முதல் பதிவு

கண்டென்சர் மைக் என்றால், கேபிளைச் செருகிய பிறகு 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள். பாடுபவரைத் தாரஸ்தாயியில் தான் பாடப்போகும் மிக உரத்த இடத்தைப் பாடச் சொல்லி, அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி கெயினைத் திருப்புங்கள். சும்மா 'ஹலோ' சொல்லி அளவு வைத்தால், உச்சத்தில் ஒலி பூஜ்யத்தை முட்டி உடைந்துபோகும்.

பிறகு பாட்டைத் தொடங்காமல், முதல் நாள் கைப்பேசியில் செய்ததுபோலவே ஒரு நிமிட மௌனத்தைப் புதிய மைக்கில் பதிந்து கேளுங்கள். கதவிடுக்கு, மின்விசிறி, பீரோ, ஹம் என்று அதில் எது மிச்சமிருக்கிறதோ, அடுத்த மாதச் செலவு அதற்கு.