உதட்டு பயாப்சியில் லிம்போசைட் திரளை எண்ணுவது எப்படி

முடக்குவாதம் உள்ளவர்களில் சிலருக்கு வாய் காய்ந்துபோகும். தண்ணீர் குடிக்காமல் இட்லிகூட இறங்காது. உடலின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோயும் கூடச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க, கீழுதட்டின் உட்புறத்திலிருந்து கடுகளவு உமிழ்நீர்ச் சுரப்பிகள் நாலைந்தை எடுத்து பார்மலினில் போட்டு எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். அந்த ஸ்லைடை வாசிக்க என் மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் முறை இது.

எடுத்ததும் பெரிய லென்ஸுக்குப் போகாதீர்கள். சின்ன லென்ஸில் முழுத் திசுவையும் சுற்றிவந்து சுரப்பியின் பரப்பை அளந்துகொள்ளுங்கள். 8 சதுர மி.மீ. இருந்தால் நிம்மதி. குறைந்தால், திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.

பிறகு திரள்களைத் தேடுங்கள். உமிழ்நீரைக் கொண்டுசெல்லும் நாளத்தையோ ரத்தக் குழாயையோ சுற்றி, லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் 50-க்குக் குறையாமல் நெருக்கமாகக் கூடியிருந்தால் அது ஒரு திரள். அதை ஒட்டிய சுரப்பிப் பைகள் நல்ல நிலையில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையில்தான் நான் ஒருமுறை தவறினேன். வயதான ஒரு அம்மாவின் ஸ்லைடில், நாரேறிச் சுருங்கிய பகுதியில் இருந்த கூட்டத்தையும் சேர்த்து எண்ணிவிட்டேன். இல்லாத நோயை அவர் தலையில் கட்டியிருப்பேன். மூத்தவர் ஒருவர் மறுபடி பார்த்ததால் தப்பித்தது. அங்கங்கே சிதறிக் கிடக்கும், எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களும் கணக்கில் வராது. அவை ஆரோக்கியமான சுரப்பியிலும் உண்டு.

கணக்கு எளிது. திரள் எண்ணிக்கையை 4-ஆல் பெருக்கி, பரப்பால் வகுங்கள். 10 சதுர மி.மீ.யில் 3 திரள் என்றால் 1.2. ஒன்றோ அதற்கு மேலோ வந்தால் ஷோகிரன் பக்கம் வலுவான சான்று. ஆனால் அது மட்டுமே முடிவல்ல. ரோ எதிர்ப்பொருள் (anti-Ro) ரத்தச் சோதனை, கண்ணீர், உமிழ்நீர் அளவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் தீர்மானிப்பார். நோயாளி ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் போன்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுக்கிறாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்தால் திரள் கரைந்திருக்கலாம்.

நெடுங்கால முடக்குவாதம் என்றால் நான் ஒரு ஸ்லைடுக்குக் காங்கோ சிவப்புச் சாயமும் ஏற்றச் சொல்வேன். போலரைசர் வெளிச்சத்தில் நாளங்களைச் சுற்றி ஆப்பிள் பச்சை மின்னினால் அது அமிலாய்டு; நெடுநாள் அழற்சியால் திசுக்களில் படியும் புரதம், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அன்று ரிப்போர்ட் தட்டச்சாகும்வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்; சிறுநீரில் புரதம் போகிறதா என்று அவர் அன்றே பார்க்கட்டும்.