புதிதாக ஆடுபவருக்கு முதல் கணினி கேம்: வாங்கித் தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம், "எப்பப் பாத்தாலும் ஆடிட்டே இருக்கியே, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுடா" என்று கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கா முப்பது வருடம் கணக்கு டீச்சர். புதிர் என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். அதனால் சண்டை, சுடுவது எதுவும் இல்லாத, நடந்து நடந்து புதிர் அவிழ்க்கிற முப்பரிமாண கேம் ஒன்றை அவளுடைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த கேம் அது.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையில் வானம் மட்டும் தெரிந்தது. அப்புறம் தரை மட்டும். நடப்பதற்கு இடது கை, தலையைத் திருப்புவதற்கு வலது கை. ஒன்றைக் கவனித்தால் மற்றது நின்றுபோனது. ஒரு சுவரில் மூக்கு உரச நின்றுகொண்டு, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல், "தலை சுத்துதுடா" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள். முதல் புதிர் இருந்த இடம் வரைக்கும் அவள் போய்ச் சேரவே இல்லை.

புதிதாக வருபவருக்கு எதிரியும் புதிரும் அப்புறம்தான். முதல் கஷ்டம் விரல்களில் இருக்கிறது. வருடக்கணக்கில் ஆடிப் பழகியவர்களுக்கு இது மறந்தே போய்விடுகிறது. கேம் தேர்ந்தெடுப்பதில் நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்த மறதியால் வருபவை.

நமக்குப் பிடித்ததையே வாங்கித் தருவது

முப்பரிமாண கேம்கள் பெரும்பாலானவற்றில் இடது கை விரல்கள் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளில் இருக்கும். அதே நேரத்தில் வலது கை மவுஸை நகர்த்திப் பார்வையைத் திருப்ப வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவருக்கு பெடலும் ஹேண்டில்பாரும் இரண்டு வேலையாகத் தெரியாது. கற்றுக்கொள்பவருக்கு இரண்டும் இரண்டு திசையில் இழுக்கும். கேம்பேடு வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதிலும் இரண்டு குச்சிகளை இரண்டு கட்டைவிரல்களால் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும், கஷ்டம் அதேதான். போதாததற்கு, உடம்பு அசையாமல் காட்சி மட்டும் சுழலும்போது பலருக்குத் தலை சுற்றும், குமட்டும். அது அவர்கள் குறை இல்லை.

ஆகவே முதல் கேமுக்கு நான் பார்ப்பது இரண்டே விஷயம். மவுஸ் ஒன்றே போதுமா? காட்சி ஆடாமல் ஓரிடத்தில் நிற்கிறதா? 1990-இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சொலிட்டேரை நினைத்துப் பாருங்கள். அதுவரை மவுஸையே தொட்டிராத எத்தனையோ பேர் சீட்டுகளை இழுத்து இழுத்து வைத்துத்தான் அதைப் பிடித்துப் பழகினார்கள்.

நான் முதலில் கைகாட்டுவது 2009-இல் வந்த 'பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பிஸ்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வீட்டை நோக்கித் தள்ளாடி வரும் பிணங்களைத் தோட்டத்துச் செடிகளை வைத்துத் தடுப்பதுதான் ஆட்டம். அதை வடிவமைத்த ஜார்ஜ் ஃபேன், தன் அம்மாவை அந்த கேமை முழுதாக ஆடவைத்தது எப்படி என்று 2012-இல் கேம் உருவாக்குபவர்கள் கூடும் மாநாட்டில் ஓர் உரையே ஆற்றினார். அதன் முதல் கட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தோட்டம் முழுக்க வெறும் மண். நடுவில் ஒரே ஒரு வரிசையில்தான் புல் இருக்கும். நடுவதற்கு ஒரே வகைச் செடி. வேறு எங்கே நடுவது, எதை நடுவது என்ற கேள்விக்கே இடமில்லை, தப்பு செய்யவும் இடமில்லை. அடுத்த கட்டத்தில் மூன்று வரிசை. சூரியகாந்தியும் அப்போதுதான் வரும். பாடம் நடத்துவது தெரியாமலேயே பாடம் நடந்துவிடும். எல்லாம் மவுஸ் சொடுக்குதான். கேம் பழசு என்பதால் விலையும் குறைவு, பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

ஆங்கிலம் அதிகம் படிக்க விரும்பாதவர்களுக்கு 'மினி மெட்ரோ' நல்லது. நியூசிலாந்தில் உருவாகி 2015-இல் வெளிவந்தது. வட்டம், முக்கோணம், சதுரம் என்று திரையில் ரயில் நிலையங்கள் முளைக்கும். அவற்றைக் கோடு போட்டு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். நிலையத்தில் கூட்டம் பிதுங்கினால் ஆட்டம் முடிந்தது. நடுவில் நிறுத்திவைத்து நிதானமாக யோசித்து வரையலாம்.

படத்தைப் பார்த்து எளிது என்று முடிவு செய்வது

வண்ண வண்ணமாக, குழந்தைகள் கார்ட்டூன் போல இருந்தால் எளிதாக இருக்கும் என்று தோன்றும். 'கப்ஹெட்' 1930-களின் கார்ட்டூன் போலக் கையால் வரையப்பட்டது. பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் பழகியவர்களே ஒரே எதிரியிடம் திரும்பத் திரும்பத் தோற்கும் கேம் அது. 'ஹாலோ நைட்' பூச்சிகளின் உலகம், விலையும் மலிவு, ஆனால் கடினத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி அதில் கிடையாது. இரண்டுமே அருமையான படைப்புகள். முதல் கேமாக மட்டும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக 'செலஸ்ட்' கடினமான கேம்தான், ஆனால் அதன் உதவி முறையில் வேகத்தைக் குறைக்கலாம், அடியே படாமலும் ஆடலாம். ஒரு கேமை வாங்கும் முன் இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது ரொம்பப் பயன்படும்.

'ஸ்டார்டூ வேலி' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எளிய கேம் எது என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் அதுதான். எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாக உருவாக்கி 2016-இல் வெளியிட்டது. பாழடைந்த பண்ணையைச் சீர்செய்து, விதைத்து, அறுத்து, ஊரார் எல்லாரோடும் பழகுவது. எனக்கு உயிர். ஆனால் அதில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் நேரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். இரவு 2 மணிக்குள் வீட்டுக்குப் போய்ப் படுக்காவிட்டால் மயங்கி விழுந்துவிடுவோம். படுத்தால்தான் அன்றைய ஆட்டம் சேமிக்கப்படும். பாதி நாளில் அடுப்பில் பால் பொங்குகிறதே என்று எழுந்து மூடிவிட்டால், அன்றைக்கு நட்டதெல்லாம் போச்சு. மீன் பிடிப்பதோ பழகியவருக்கே கை நடுங்கும் வேலை.

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது அற்புதமான கேம். மெனுவைத் திறந்தால் கடிகாரம் நிற்கும், அவசரம் வேண்டாம். மீன் பிடிக்காமலேயே முதல் வருடத்தை ஓட்டலாம். பிடித்தே தீர வேண்டும் என்றால் மீன்கடையில் பயிற்சித் தூண்டில் மலிவாகக் கிடைக்கும். இந்த மூன்று வரியைச் சொல்லாமல் கொடுப்பதுதான் தவறு.

மதிப்புரைகளை அப்படியே நம்புவது

கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒவ்வொரு மதிப்புரைக்கும் மேலே எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்று போட்டிருக்கும். "ரொம்ப ஈசி, யார் வேண்டுமானாலும் ஆடலாம்" என்று எழுதியவர் 600 மணி நேரம் ஆடியிருந்தால் அந்தச் சொல்லை நம்ப முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் ஆடியவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள், முக்கியமாகப் பிடிக்கவில்லை என்றவர்கள் எழுதியதை. எழுத்து பொடியாக இருக்கிறது, என்ன செய்வதென்றே சொல்லித்தரவில்லை என்ற குறைகள் அங்கேதான் கிடைக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு வாங்குகிறோம் என்றால் எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்பது கேமின் கதையைவிட முக்கியம்.

இன்னொரு கணக்கும் மதிப்புரைகளில் அடிக்கடி வரும்: இத்தனை ரூபாய்க்கு இத்தனை மணி நேரம்தானா? புதியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 100 மணி நேர கேமை அவர் பாதியில் விட்டுவிடுவார். இரண்டு மணி நேரத்தில் முடிகிற கேமை முடித்துவிட்டு, "அடுத்தது என்ன?" என்று கேட்பார். 'வெண்பா' அப்படியொரு சின்ன கேம். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேடு அங்கங்கே அழிந்துபோயிருக்கும்; இட்லி, பிரியாணி என்று ஒவ்வொன்றையும் நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். தப்பானால் மறுபடி செய்யலாம், தோல்வி என்று ஒன்று இல்லை. கேமே தொட்டிராத நம் வீட்டுப் பெரியவருக்கு இட்லிப் பானையைவிடப் பழக்கமான பொருள் எது இருக்கிறது!

லேப்டாப் தாங்குமா என்று பார்க்காமல் விடுவது

கடைப் பக்கத்தின் அடியில் குறைந்தபட்சத் தேவை என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால், அலுவலக வேலைக்கோ படிப்புக்கோ வாங்கிய சாதாரண லேப்டாப்பில் அது ஒழுங்காக ஓடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது இடம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேட்பது 150 ஜிபி. செல்போனில் தினம் 2 ஜிபி டேட்டா வைத்து இறக்கினால் 75 நாள். ஸ்டார்டூ வேலி கேட்பது 500 எம்பி. கால் நாள் டேட்டா.

இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடும் கணினி வீட்டில் இருந்தால் கவனம்: 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. வாங்கிய பிறகு இது தெரிந்தால் வயிறு எரியும்.

எல்லாவற்றையும்விடச் சின்ன விஷயம், ஆனால் முக்கால்வாசிப் பேர் மறப்பது: மவுஸ். லேப்டாப்பின் டச்பேடில் விரலைத் தேய்த்துக்கொண்டு கேம் ஆடச் சொல்வது கொடுமை. சில நூறு ரூபாய்க்கு ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் கேமைத் தேடுங்கள்.

இலவசம் என்றதும் இறக்கிவிடுவது

இலவசத்தில் இரண்டு வகை உண்டு. எபிக் கேம்ஸ் ஸ்டோர் வாராவாரம் காசுக்கு விற்கும் கேம்களைச் சும்மா கொடுக்கிறது. அந்த வாரத்தில் எடுத்துக்கொண்டால் அது நம்முடையது. 'ஓபன் டிடிடி' போலத் தன்னார்வலர்கள் உருவாக்கிய இலவச கேம்களும் இருக்கின்றன. இவை நல்ல வகை.

மற்ற வகை, ஆட இலவசம், உள்ளே போனால் கடை. உடை, பெட்டி, குலுக்கல் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பணம் வாங்காவிட்டாலும் நேரம் வாங்கும். 'டோட்டா 2' முற்றிலும் இலவசம், நாம் ஏற்று ஆடும் நாயகர்கள் எல்லாருமே இலவசம். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட நாயகர்களில் ஒருவரைத் தேர்ந்து, முன்பின் தெரியாத நாலு பேரோடு அணி சேர்ந்து அரைமணி, முக்கால் மணி நேரம் ஆட வேண்டும். நடுவில் எழுந்து போனால் தண்டனை. புதியவர் தப்பு செய்தால் அந்த நாலு பேரில் ஒருவராவது திட்டுவார். முதல் நாளே திட்டு வாங்கியவர் மறுபடி வருவாரா? முதல் கேம் தனியாக ஆடுவதாகவே இருக்கட்டும்.

'தி சிம்ஸ் 4' 2022 அக்டோபரிலிருந்து இலவசம். வீடு கட்டி விளையாட அதுவே போதும். கூடுதல் தொகுப்புகள் மட்டும் தனித்தனியாகக் காசு, ஏராளமாக இருக்கின்றன. அடிப்படையை ஒரு மாதம் ஆடிப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் ஸ்டீமில் விலை ரூபாயிலேயே இருக்கும், யுபிஐ மூலம் கட்டலாம். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும். விருப்பப் பட்டியலில் போட்டுவைத்தால் மின்னஞ்சல் வரும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இங்கே நடக்கும் தவறு, தள்ளுபடியில் ஐந்தாறு கேம்களை அள்ளி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறப்பது. ஒன்று வாங்குங்கள், அன்றைக்கே திறந்து பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ பரிசாக அனுப்ப நினைத்தால், நாடுகளுக்கிடையே விலை வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஸ்டீம் அனுமதிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்.

திருட்டுப் பிரதி வேண்டவே வேண்டாம். வங்கிக் கணக்கு திறக்கும் அதே லேப்டாப்பில், யார் என்ன சேர்த்து வைத்தார்கள் என்று தெரியாத கோப்பை, வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் விவகாரம் அது. பெரியவர்கள் கணினியில் அதைப் போட்டுக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

மவுஸைப் பிடுங்குவது

கேமைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு இதில் கோட்டைவிடுபவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் உட்கார்ந்து "அங்க இல்ல, இங்க", "சீக்கிரம் சீக்கிரம்" என்று ஆரம்பித்து, கடைசியில் "குடு, நான் காட்டறேன்" என்று மவுஸை வாங்கிக்கொள்வது. எதைச் சொடுக்க வேண்டும், எப்படி நிறுத்திவைக்க வேண்டும், எப்படி வெளியே வர வேண்டும், இந்த மூன்றைச் சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விடுங்கள். தோற்கட்டும். தனியாகத் தோற்பதில் வெட்கம் இல்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வெட்கம்.

அக்காவுக்கு இரண்டாவது தடவை மவுஸும் தோட்டத்துச் செடிகளும் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பத்து நாள் ஆகியிருக்கும், இரவு பதினொரு மணிக்கு போன். ராத்திரி கட்டம் வந்துவிட்டதாம், சூரிய வெளிச்சமே விழவில்லையாம், சூரியகாந்தி நட்டுக் கட்டுப்படியாகவில்லையாம். "அக்கா, அங்க காளான்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாத, சொல்லாத, நானே பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.