அடிக்கக் கற்றவர்கள் சறுக்கும் இடங்கள்

வடசென்னையில் சண்டைக் கலை கற்றுக்கொள்ள இடத்துக்குப் பஞ்சமில்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் போனால் பாக்ஸிங். வியாசர்பாடி, கொடுங்கையூரில் மொட்டை மாடிகளில் கராத்தே. மாலையில் ஏதாவது ஒரு மாநகராட்சித் திடலில் சிலம்பம் சுற்றும் பிள்ளைகள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்று ரிங்கில் மோதிய பகுதி இது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை இன்றும் பெரியவர்கள் சொல்லிக் கேட்கலாம். நம் பையன்கள் அலியிடமிருந்து எடுத்துக்கொண்டது என்னவோ அவருடைய வாயைத்தான், கால்களை விட்டுவிட்டார்கள். அடி தன் மேல் படாமல் நகர்ந்துகொண்டே இருந்த மனுஷன் அவர்.

வகுப்புகளிலும் இதே கதைதான். சுயகட்டுப்பாடு என்பது பெரும்பாலும் சுவரில் எழுதிய உறுதிமொழியோடு முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் எல்லோரும் வரிசையாக நின்று அதைச் சத்தமாகச் சொல்வார்கள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் அடிப்பதற்கு மட்டுமே பயிற்சி. பதற்றத்தில் உடம்பு பழகியதைத்தான் செய்யும், சுவரில் படித்ததைச் செய்யாது. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பல இதிலிருந்து முளைப்பவை.

ரிங்கில் செய்வதை ரோட்டில் செய்வது

ரிங்கில் எடைப் பிரிவு உண்டு, கையில் க்ளவுஸ் உண்டு, நிறுத்தச் சொல்ல ரெஃப்ரி உண்டு. ரோட்டில் பிளாட்பார ஓரமும் ஜல்லியும் அவனுடைய நண்பர்கள் நாலு பேரும் உண்டு. க்ளவுஸும் பேண்டேஜும் முக்கியமாகக் காப்பாற்றுவது உங்கள் கையை என்பது பலருக்கு உறைப்பதில்லை. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரல் பக்க எலும்பு உடையும். எதிராளியின் பல் பட்டு விரல் முட்டியில் சின்னக் கீறல் விழுந்தால் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வாயிலிருக்கும் கிருமி மூட்டுக்குள் போய், இரண்டு மூன்று நாளில் கை வீங்கி, ஆபரேஷன் வரை இழுத்துவிடும். பல் பட்ட காயத்துக்கு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கீழே இருக்கிறது. டாஸ்மாக் வாசலில் தள்ளாடிக்கொண்டிருப்பவர் உங்களைத் திட்டுகிறார், நீங்கள் ஒரே ஒரு குத்து விடுகிறீர்கள். அவருக்குக் கை ஊன்றி விழக்கூடத் தெம்பில்லை. பின்மண்டை சிமெண்டுத் தரையில் மோதுகிறது. குத்தில் பிழைத்தவர் தரையில் உயிரை விடலாம். ‘ஒரு அடிதான் சார் அடிச்சேன்' என்பதைக் கேட்டுவிட்டு வழக்கை மூடிவிட மாட்டார்கள்.

‘தற்காப்புக்காகத்தான்' என்ற நம்பிக்கை

சட்டம் தற்காப்பு உரிமையைத் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இதற்கான பிரிவுகள்தான். உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்முறை நடக்கும், ஆசிட் வீசுவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்க வந்தவரின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். ஆனால் 37ஆவது பிரிவை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையைக் கோர முடியாது. அடிக்க வந்தவன் முதுகைக் காட்டி ஓடுகிறான், நீங்கள் துரத்திப் போய்க் கொடுக்கிறீர்கள் என்றால் அதைத் தற்காப்பு என்று நிரூபிப்பது மிகவும் கடினம். வீட்டுக்குப் போய் ஆள் கூட்டிக்கொண்டு வந்தால் பேச்சே இல்லை.

எலும்பு முறிந்தால் மட்டுமில்லை, பல் உடைந்தாலும் சட்டப்படி அது கொடுங்காயம். வேண்டுமென்றே கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை. இங்கே பயிற்சிக்கு வரும் பையன்களில் பலருக்குப் போலீஸ் வேலை, ராணுவம், ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஏதாவது ஒரு கனவு இருக்கும். உடல்தகுதித் தேர்வில் முதலாவதாக வந்தாலும், நடத்தை சரிபார்ப்பில் ஒரு அடிதடி வழக்கு குறுக்கே படுத்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டுக்கும் அதே சிக்கல்தான்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு பொறியும் இருக்கிறது. நாலு மேட்ச் ஜெயித்து ‘பாக்ஸர்' என்று பெயர் வாங்கியவனைத் தேடி ஒரு அழைப்பு வரும்: “நீ ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா கூட வந்து நில்லு, போதும்.” அந்தச் ‘சும்மா'வை நம்பவே கூடாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து தப்பான நோக்கத்தோடு நின்றால் அது சட்டவிரோதக் கூட்டம். கூட்டத்தில் ஒருவன் அந்த நோக்கத்துக்காகக் குற்றம் செய்தால், கையைக் கட்டிக்கொண்டு நின்றவனும் அதே குற்றத்துக்குப் பொறுப்பு. அதே சட்டத்தின் 189, 190ஆம் பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. நல்ல குத்துச்சண்டைக்காரர்கள் அடியாள் என்ற பெயரோடு முடிந்துபோனதை இந்தப் பகுதி போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டது.

கத்தியைப் பிடுங்கும் வித்தை

ரப்பர் கத்தியோடு ஒருவர் குத்த வருவார், கையை நீட்டியபடியே சிலை மாதிரி நிற்பார், மாஸ்டர் மணிக்கட்டை முறுக்கிப் பிடுங்குவார், எல்லோரும் கைதட்டுவார்கள். இந்த வித்தை உங்களுக்கு வருமா என்று தெரிய வேண்டுமானால் வெள்ளை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, பயிற்சிக் கூட்டாளியின் கையில் ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுங்கள். முகத்துப் பக்கம் வராமல், மற்றபடி அவன் இஷ்டத்துக்குக் கீறட்டும், குத்தட்டும். அரை நிமிஷம் கழித்துச் சட்டையில் எத்தனை கோடு என்று பாருங்கள். பத்து வருஷம் பழகியவர் சட்டையும் சிவந்துதான் இருக்கும். கத்தியைக் கண்டால் ஓடுங்கள். ஓட வழியில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டால்தான் மற்றதெல்லாம்.

போனைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயை வைத்து அதை முடக்க அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் வழி இருக்கிறது. பைக்கில் வந்து செயினை இழுத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான் நிறையப் பெண்களை ரோட்டில் இழுபட வைக்கிறது. மூன்று நாள் ‘பெண்கள் தற்காப்பு முகாம்' நடத்துபவர்கள் இதைச் சொல்வதைவிடப் பலகை உடைப்பதில்தான் ஆர்வமாக இருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கும் டீக்கடையை நோக்கி எப்படி ஓடுவது, எப்படிக் கத்துவது, 112ஐ எப்போது அழைப்பது, போனில் காவல் உதவி செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும், பலகை பாட்டுக்கு முழுசாக இருக்கட்டும்.

கோபத்துக்குப் பயிற்சி கொடுக்காமல் விடுவது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தெருச் சண்டை பெரும்பாலும் முறைப்பில் தொடங்கும். “இன்னாடா மொறைக்கிற?” என்று கேட்டவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எந்த வகுப்பில் ஒத்திகை பார்க்கிறார்கள்? “ஒண்ணுமில்லண்ணா, வேற யாரோன்னு நெனச்சுட்டேன்” என்ற ஒரு வாக்கியம் வாயில் தயாராக இருக்க வேண்டும். சொல்லும்போது ஒரு கால் பின்னால், இரண்டு கை தூர இடைவெளி, விரித்த உள்ளங்கைகள் நெஞ்சு உயரத்தில். பார்ப்பவர்களுக்கு நீங்கள் ‘வேண்டாம்' என்று சொல்வது போலத் தெரியும், அவன் கையை ஓங்கினால் முகத்தைக் காக்க உங்கள் கைகள் ஏற்கெனவே மேலே இருக்கும். நாளைக்குச் சாட்சி சொல்பவரும் “இந்தப் பையன் வேணாம் வேணாம்னுதான் சார் சொன்னான்” என்பார். கெத்து குறைகிறதே என்று தோன்றும். தோன்றட்டும்.

வாக்கியம் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் அது வாயில் வர வேண்டும். நெஞ்சு படபடக்கும்போது கை நடுங்கும், பார்வை குறுகிப் பக்கவாட்டில் வருபவன் தெரிய மாட்டான், குரல் தானாக உயரும். பயிற்சி பெற்றவர்களுக்கும் இதே நிலைமைதான். அதனால் பஞ்சிங் பேக்கில் ஒரு ரவுண்டு முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே அப்படியே நிற்கச் சொல்ல வேண்டும். இழுக்கும் மூச்சைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விட வேண்டும். பிறகு சாதாரணக் குரலில் அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லோரும் சிரிப்பார்கள்.

அடுத்த படி கொஞ்சம் முரட்டுத்தனமானது. பெரியவர்களுக்கு மட்டும், மாஸ்டர் கூடவே நிற்கும்போது மட்டும். கூட்டாளி உங்களைச் சீண்டிப் பேசுவார், கெட்ட வார்த்தையில் திட்டுவார். நீங்கள் காலடி மட்டும் போட வேண்டும், கை நீளக் கூடாது. நம் ஊரில் அம்மாவை இழுத்துப் பேசினால் எப்படிப்பட்டவனுக்கும் ரத்தம் கொதிக்கும். அது எதிராளிக்கும் தெரியும், அதனால்தான் அந்த வார்த்தையை எடுக்கிறான். அதை முதன்முதலாக ரோட்டில் கேட்பதைவிட இருபது தடவை வகுப்பிலேயே கேட்டுக் காது மரத்துப்போவது நல்லது.

சிலம்பத்தில் இதற்கு அருமையான வழி உண்டு. முழு வேகத்தில் வீசும் கம்பைக் கூட்டாளியின் தலைக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்த வேண்டும். வீச எல்லோராலும் முடியும், நிறுத்த மாதக்கணக்கில் ஆகும். பாக்ஸிங்கில் ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டையிலும் அப்படித்தான் பழக வேண்டும். பாதி பலம் என்று பேசிவிட்டு முகத்தில் ஒரு ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) வாங்கியதும் முழு பலத்தில் திருப்பிக் கொடுப்பவனை அந்த ரவுண்டோடு வெளியே உட்கார வைக்க வேண்டும். “விடாதடா, வாங்குனதைத் திருப்பிக் குடு” என்று மாஸ்டரே ஓரத்தில் நின்று கத்தினால் அந்த வகுப்பை விட்டுவிடுங்கள்.

வகுப்பில் நடப்பவை

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலையில் அடி வாங்கிய பிறகு தலைவலி, வாந்தி, குழப்பம், மயக்கம் எது வந்தாலும் அன்றைக்குப் பயிற்சி அதோடு நிற்க வேண்டும், டாக்டர் சரி என்கிற வரை ஸ்பாரிங் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பேக்கில் மணலை மட்டும் நிரப்பினால் அடிப்பக்கம் கல்லாக இறுகி மணிக்கட்டைக் கெடுக்கும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தையல்காரர்களிடம் துணிக் கழிவு கிடைக்கும், அதை நிரப்புங்கள். அக்னி நட்சத்திரத்தில் எடை குறைக்கிறேன் என்று பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடாதீர்கள். பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் பெல்ட்டின் நிறத்தைப் பார்ப்பதைவிட, வகுப்பு நடக்கும்போது தாங்கள் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா என்று பார்க்கட்டும். இல்லை என்றால் சேர்க்க வேண்டாம்.

சண்டை முடிந்த பிறகு

தவிர்க்க முடியாமல் கை வைக்க நேர்ந்துவிட்டால், ஓடி ஒளிவதுதான் பலரும் செய்யும் தவறு. அதற்குள் எதிராளி புகார் கொடுத்துவிட்டால் அவர் சொல்வதுதான் கதை என்றாகிவிடும். நீங்களே 112க்கு அழைத்துச் சொல்லுங்கள். ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையில் உங்கள் காயங்களைப் பதிவு செய்யுங்கள், சின்னக் கீறலாக இருந்தாலும் சரி. நடந்த இடத்தில் எந்தக் கடையில் சிசிடிவி இருக்கிறது என்று பார்த்துப் புகாரில் எழுதுங்கள். பழைய பதிவுகள் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். யார் யார் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘சம்பவம்' என்று எதையும் போட வேண்டாம். பேக்கைக் குத்தும் வீடியோவுக்கு மிரட்டல் வசனம் சேர்த்து ரீல்ஸ் போடும் பழக்கம் இருந்தால் அதையும் இப்போதே நிறுத்திவிடுங்கள். உங்கள் தற்காப்பு வாதத்துக்கு எதிராக அதையே எடுத்துக் காட்டுவார்கள்.