சுகர் உள்ளவரை வார்டில் சேர்த்தால் நாம் செய்யும் தவறுகள்

காய்ச்சலோ கால் புண்ணோ ஹெர்னியா ஆபரேஷனோ, எதற்காகச் சேர்த்தோமோ அதிலேயே எல்லார் கவனமும் நின்றுவிடும், பல வருஷமாகக் கூடவே இருக்கும் சுகர் யார் ஞாபகத்திலும் இருக்காது. ராயபுரத்தில் 1954-ல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய பொது மருத்துவமனை 1971-லேயே சர்க்கரை நோய்க்கென்று தனி மருத்துவமனையாகிவிட்டது, வடசென்னையில் சுகர் மாத்திரை தெரியாத வீடு இல்லை. தெரிந்ததாலேயே வரும் தப்பு ஒன்று உண்டு: வீட்டு வைத்தியக் கணக்கை அப்படியே வார்டுக்குள்ளும் நடத்துவது. காய்ச்சலும் தொற்றும் ஆபரேஷனும் சுகரை ஏற்றிவிடும், சாப்பாடு உள்ளே போகாவிட்டால் மாத்திரையும் ஊசியும் அதைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும். நேற்றுவரை சரியாக இருந்த டோஸ் இன்று சரியாக இருக்காது.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-ல் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பெரிய உபகாரம். ஆனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ பெரியார் நகர் ஆஸ்பத்திரியிலோ சேர்க்கும்போது டாக்டர் கேட்டால் "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்றால் அவர் என்ன செய்வார்? மாத்திரை அட்டையையும் சிகிச்சை நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகளை ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சுகர் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரலாம். கிட்னி பலவீனமாக இருப்பவருக்கு, டை ஏற்றி ஸ்கேன் எடுக்கும்போது மெட்ஃபார்மினை நிறுத்தி வைப்பார்கள். அப்படி நிறுத்தியதை "சிஸ்டர் மறந்துட்டாங்க போல" என்று நினைத்துப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்றால் இன்னும் ஆபத்து, சரியாகச் சாப்பிடாதவருக்கு அது கொண்டுவரும் லோ சுகர் ஒருமுறை சரியானாலும் சில மணி நேரத்தில் மறுபடி வரலாம். உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 நோயாளிக்கோ கதை நேர் எதிர்: சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை முழுசாக நிறுத்தவே கூடாது, அளவை டாக்டர் மாற்றுவார்.

வார்டில் தினமும் நடப்பது இது. காலை ஏழரைக்கு சிஸ்டர் ஊசி போட்டுவிட்டுப் போகிறார், இட்லி வாங்கப் போன பையன் ஒன்பது மணிக்கு வருகிறான், அதற்குள் பெரியவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். சாதாரண ரெகுலர் இன்சுலின் என்றால் அரை மணி நேரத்தில் தட்டு முன்னால் இருக்க வேண்டும். டிபன் கைக்கு வராமல் ஊசிக்குத் தலையாட்டாதீர்கள், வாந்தி எடுத்தாலும் பாதி இட்லியோடு நிறுத்தினாலும் உடனே போய்ச் சொல்லுங்கள்.

70-க்குக் கீழே போனால் லோ. நினைவு நன்றாக இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் எழவில்லையா, வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றுவார்கள். வயசானவர்கள் சிலர் வேர்க்கக்கூடச் செய்யாமல் அசந்து கிடப்பார்கள், தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள்.

அதே சமயம் 170 காட்டினால் சண்டைக்குப் போக வேண்டாம். வார்டில் பெரும்பாலானவர்களுக்கு 140-லிருந்து 180-க்குள் இருந்தால் போதும், 100-க்குக் கொண்டுவரச் சொல்லி அழுத்தினால் லோவில்தான் முடியும். இன்னொன்று, ஆரஞ்சு உரித்த விரலில் கழுவாமல் குத்தினால் பழச்சாறும் சேர்ந்து அளவு எக்கச்சக்கமாகக் காட்டும், அதை நம்பி ஊசி போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த விரல், ட்ரிப்ஸ் ஏறாத கை.

வீசிங்குக்குக் காலையில் ஸ்டீராய்டு கொடுத்தால் மத்தியானத்துக்கு மேல்தான் சுகர் எகிறும், வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்கக் கூடாது. ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இன்சுலினையும் குறைக்க வேண்டியிருக்கும், இதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் என்றதும் ஆட்டோ பிடிக்கிற அவசரத்தில் சீட்டை யாரும் படிப்பதில்லை. ஒரே மருந்து வேறு பிராண்ட் பெயரில் வந்திருக்கும், பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுவார்கள். எதை நிறுத்த வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். புதிதாக இன்சுலின் எழுதியிருந்தால் பாட்டிலில் 40 போட்டிருக்கிறதா 100 போட்டிருக்கிறதா (ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்ற கணக்கு அது) என்று பாருங்கள். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். முதல் ஊசியை சிஸ்டர் முன்னாலேயே நீங்கள் இழுத்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு கிளம்புங்கள்.