டாக்டர் அறைக்கு முன்னும் பின்னும்: சின்ன கிளினிக்கில் நோயாளியை இன்னும் நன்றாகக் கவனிப்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ சாயங்காலம் கிளினிக் நடத்தும் டாக்டரிடம் போய், ஒவ்வொருவரையும் இருபது நிமிடம் பாருங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. பெஞ்ச் நிறைய ஆள் இருக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் அதில் இருப்பார்கள். டாக்டரின் நேரத்தைக் கூட்ட முடியாது. ஆனால் பெஞ்சில் வீணாகும் முக்கால் மணி நேரமும், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும் அந்த இரண்டு நிமிடமும் நம் கையில்தான் இருக்கின்றன. இங்கே சொல்வதெல்லாம் ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், ஒரு அறை, ஒரு வராந்தா உள்ள இடத்துக்குப் பொருந்தும்.

டோக்கன் கொடுக்கும்போதே

சிஸ்டர் மூன்று கேள்வி கேட்டுச் சீட்டின் மேலேயே எழுதட்டும்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, வீட்டில் என்னென்ன மருந்து போடுகிறார். இதைவிட முக்கியம், வரிசையை உடைத்து உடனே உள்ளே அனுப்ப வேண்டியவர் யார் என்பது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, திடீரென்று வாய் கோணல், துவண்டு கிடக்கும் குழந்தை, ரத்தப்போக்கோ கடும் தலைவலியோ உள்ள கர்ப்பிணி, பாம்புக்கடி. பெரிய எழுத்தில் எழுதி டோக்கன் மேஜைக்கு எதிரே ஒட்டுங்கள்.

நம் ஊரில் நெஞ்சு வலிக்கு இன்னொரு பெயர் 'கேஸ்'. "கேஸ் பிடிச்சிருக்கு சிஸ்டர், ஒரு ஊசி போட்டா போதும்" என்று வியர்த்துக்கொண்டு ஒருவர் வந்தால் அவரை மாரடைப்புக்காரராகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் எளைப்பாகவும் வரலாம். 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. மாரடைப்புச் சந்தேகம் இருந்து, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கச் சொல்லி, 108-ஐ அழைத்து அனுப்புங்கள். ஈசிஜி மிஷின் இல்லாத இடத்தில் அதற்காக லேபைத் தேடி அலைய வைக்காமல், அது உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராக அனுப்புவது நல்லது. பக்கவாதம் என்று தோன்றினால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ரெஃபரல் சீட்டில் எழுதுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்த நேரம் எழுதப்படாமல் போனால் பெரிய ஆஸ்பத்திரியிலும் தயங்குவார்கள்.

பிரஷர்: ஸ்டூலை மாற்றுங்கள்

பல கிளினிக்குகளில் நோயாளி உட்காருவது முதுகு சாயாத உருண்டை ஸ்டூலில். படியேறி வந்த மூச்சோடு அதில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, கையை அந்தரத்தில் நீட்டி, டாக்டரின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்போது கையில் கட்டும் பட்டையான கஃப் ஊதப்படும். இதில் ஒவ்வொன்றும் அளவைக் கூட்டும். எல்லாம் சேர்ந்தால், மருந்தே தேவைப்படாதவருக்கு ஆயுசுக்கும் மாத்திரை ஆரம்பித்துவிடும்.

வராந்தாவில் சாய்வுள்ள நாற்காலி ஒன்று, பக்கத்தில் மேஜை ஒன்று போதும். சிஸ்டர் கேட்க வேண்டியதை முதலில் கேட்டு முடிக்கட்டும். பிறகு 5 நிமிடம் சும்மா உட்காரட்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் சாயா, பீடி, சிகரெட் கூடாது, மூத்திரம் முட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. கால் தரையில், முதுகு சாய்ந்து, கை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல் கழற்றிவிட வேண்டும். கை நடுவில் டேப் வைத்து அளந்து, 27 முதல் 34 செ.மீ. வரை சாதாரண கஃப், அதற்கு மேல் பெரிய கஃப். தடித்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். முதல் தடவை வருபவருக்கு இரண்டு கையிலும் பார்த்து, கூடுதலாகக் காட்டும் கையையே இனிமேல் பயன்படுத்துங்கள். நாடி ஒழுங்கில்லாமல் துடித்தால் டிஜிட்டல் மிஷினை நம்பாமல் டாக்டரே ஸ்டெத் வைத்துப் பார்க்க வேண்டும்.

65 வயது தாண்டியவர்களையும் சர்க்கரைக்காரர்களையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், அவர் சொல்லும் 'தலைசுத்தலுக்கு' நாம் எழுதிய மாத்திரையே காரணமாக இருக்கலாம்.

மருந்துப் பை

இங்கேதான் அதிகம் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரே ஆள் நாகர்கோவிலில் ஒரு டாக்டர், திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்பெஷலிஸ்ட், பக்கத்து வைத்தியரிடம் ஒரு கஷாயம், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரை, கல்ஃபிலிருந்து மகன் கொண்டுவந்த டப்பா என்று வைத்திருப்பார். அடுத்த தடவை வரும்போது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். எண்ணெய், லேகியம், மெடிக்கல் ஸ்டோரில் தானாக வாங்கியது, எல்லாமே.

பையை மேஜையில் கொட்டி, அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் மருந்தின் பொதுப் பெயரைப் படித்துப் பிரித்து வையுங்கள். அடிக்கடி அகப்படும் மூன்று தவறுகள் உண்டு. முதலாவது, ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில்: வீட்டுக்கு வரும் பிரஷர் மாத்திரை அம்லோடிபினும், திருவனந்தபுரம் சீட்டில் உள்ள அம்லோடிபினும் சேர்ந்து காலில் வீக்கம். இரண்டாவது, கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்திருப்பது: சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே தனி மெட்ஃபார்மினும் போடுவார். மூன்றாவதுதான் கெடுதல் அதிகம். டெல்மிசார்டான், ஹைட்ரோகுளோரோதையசைடு இரண்டும் பிரஷருக்கு ஓடிக்கொண்டிருக்கும். இடுப்பு வலிக்கு அசெக்ளோஃபெனாக்கும் தினமும் உள்ளே போகும். மூன்றும் கூடினால் கிட்னி அடிவாங்கும், அதிலும் வயிற்றுப்போக்கோடு வெயிலில் வேலை செய்யும் நாட்களில். பால்வெட்டு (ரப்பர் மரத்தில் பால் எடுப்பது), செங்கல் சூளை, கடல் வேலை பார்ப்பவர்களிடம் "மேலு வலிக்கு என்ன போடுவீங்க?" என்று நேராகக் கேட்டால்தான் பதில் வரும். அதை மருந்தாகவே அவர்கள் கணக்கில் வைப்பதில்லை.

கஷாயத்தைக் கேலி செய்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். வர்மமும் சித்த வைத்தியமும் வேர்விட்ட மண் இது. பெயர் என்ன, எத்தனை நாளாக, நம் மாத்திரையை அதற்காக நிறுத்தினாரா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் பல சமயம் கூடிய சர்க்கரைக்கு விளக்கம்.

சீட்டும் சொல்லும்

மருந்துப் பெயரைப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எதற்கு என்று தமிழில் ஒரு சொல்: பிரஷர், சுகர், கொழுப்பு. 1-0-1 என்பது படித்தவருக்கே சில நேரம் குழப்பம். அட்டையில் மார்க்கர் பேனாவால் காலைக்கு ஒரு சூரியனும் ராத்திரிக்கு ஒரு பிறையும் வரைந்து கொடுங்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "பாட்டா, வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா இந்த மாத்திரைய எப்படிப் போடணும்னு சொல்லுவீங்க?" என்று சிஸ்டர் கேட்கட்டும். அவர் வாயால் வரும் பதிலில் தப்பு இருந்தால் அங்கேயே திருத்தலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது.

குழந்தைக் காய்ச்சலில் எடை பார்க்காமல் பாராசிட்டமால் எழுதக் கூடாது. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்தால், 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் அது 6 மில்லி. 250 உள்ளதில் 3 மில்லி. 1 மில்லியில் 100 உள்ள டிராப்ஸில் ஒன்றரை மில்லி. சிரப்புக்குச் சொன்ன 6 மில்லியை வீட்டில் மிச்சமிருக்கும் டிராப்ஸில் கொடுத்தால் நாலு மடங்கு உள்ளே போகும். ஆகவே மில்லிகிராம், மில்லி, பாட்டிலின் அளவு மூன்றையும் எழுதுங்கள். அடுக்களைக் கரண்டி வேண்டாம்; ஊசியில்லாத சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டுக் கொடுங்கள்.

இன்சுலினிலும் இதே கதை. நம் கடைகளில் கிடைக்கும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனா கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். பேனா கெட்டுப்போனது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சினால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். சிரிஞ்சைக் கொண்டுவந்து காட்டச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

வேலைக்குத் தக்க மருந்து

குலசேகரம், அருமனைப் பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் கட்டன்சாயாவோடு இறங்கிவிடுவார். சீட்டில் 'காலை சாப்பாட்டுக்கு முன்' என்று கிளிமிபிரைடு எழுதினால் அதிகாலையிலேயே விழுங்கிவிட்டுச் சாப்பாடில்லாமல் மரம் மரமாக நடப்பார். அவர் உண்மையில் சாப்பிடும் நேரத்தைக் கேட்டு அதோடு மாத்திரையைக் கட்டுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சீனி தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, பிறகு சாப்பாடு. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை மறுபடியும் இறங்கும். வயதானவரையும் கிட்னிக் கோளாறு உள்ளவரையும் தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

ரமலான் நோன்பு வைப்பவர்களிடம் ஒரு மாதம் முன்னாலேயே பேசிவிடுங்கள். தினம் ஒரு வேளை மட்டும் போடும் கிளிமிபிரைடு நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாறும்.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளி ஒரு மாதத்துக்கு மேலும் கடலில் இருப்பார். முப்பது நாள் மாத்திரை கொடுத்து 'அடுத்த மாதம் வாங்க' என்றால் மருந்து நடுக்கடலில் தீரும். பயண நாளோடு 15 நாள் சேர்த்து எழுதுங்கள். இன்சுலின் கொண்டுபோனால், ஐஸில் நேராகப் புதைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் உதவாது. புதுக் குப்பியைத் துணி சுற்றி டப்பாவில் போட்டு, ஐஸ் படாமல் குளிர்ச்சியில் வைக்கலாம். திறந்த குப்பி எஞ்சின் சூடு எட்டாத நிழலில் 28 நாள் தாங்கும். வருடப் பரிசோதனைக்கு அவர்களுக்கு வாய்த்த காலம் மீன்பிடித் தடைக்காலம்: மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கரையிலுள்ள சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை), மூத்திரத்தில் புரதம், கண் விழித்திரை, பாத உணர்ச்சி எல்லாவற்றையும் அந்த நாட்களுக்கே குறித்து வையுங்கள்.

ஊசி

கேட்டதற்காகப் போடாதீர்கள். மழைக்காலக் காய்ச்சலில் டெங்கு இல்லையென்று தெரியும்வரை டைக்லோஃபெனாக் வலி ஊசி வேண்டவே வேண்டாம். எந்த ஊசி போடும் இடத்திலும் அட்ரினலின் எட்டும் தூரத்தில், பூட்டாத டிராயரில் இருக்கட்டும். ஊசி ஒவ்வாமை அதிர்ச்சியில் பெரியவருக்கு, 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலின் 0.5 மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில். காலாவதித் தேதியை மாதம் ஒரு முறை பாருங்கள்.

ரிசல்ட் நோட்டு

ரத்தம் எடுத்து அனுப்பியதோடு பலர் மறந்துவிடுவார்கள். 'கூப்பிடவில்லை என்றால் நார்மல்' என்று நோயாளி நினைப்பார், 'வந்து வாங்கியிருப்பார்' என்று நாம் நினைப்போம். கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஐந்து கட்டம்: பெயர், எடுத்த தேதி, என்ன டெஸ்ட், ரிசல்ட் வந்த தேதி, யார் யாரிடம் சொன்னார். கிளினிக் மூடுமுன் காலிக் கட்டங்களை சிஸ்டர் பார்க்க வேண்டும். பொட்டாசியம் 6-க்கு மேல், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் என்றால் மறுநாளுக்கு விடாமல் அன்றைக்கே போன். கடலுக்கோ கல்ஃபுக்கோ போகிறவர் என்றால், அவர் சம்மதத்தோடு வீட்டிலிருக்கும் ஒருவரின் நம்பரையும் ரத்தம் எடுக்கும்போதே வாங்கி எழுதிவிடுங்கள்.